மழலையின் வயிற்றில் ஓர் உலகைக் கண்டவர்: தியோடோர் எஷெரிக்

வெள்ளம் வடிந்த பிறகு கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினால் சில நாட்களில் ஓர் அறிக்கை வரும். அதில் ஈ. கோலை இருக்கிறதா, இல்லையா என்பதைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். இருக்கிறது என்றால் முகம் சுளிப்போம், குளோரின் போடுவோம், கொதித்தாறிய நீரையே குடிப்போம். அந்த ஈ என்ற ஒற்றை எழுத்துக்குள் ஒரு மனிதரின் பெயர் சுருங்கிக் கிடக்கிறது என்பதை உயிரியல் படிக்கும் நாங்கள்கூட யோசிப்பதில்லை. எஷெரிக்கியா கோலை என்பது அந்தப் பற்றீரியாவின் முழுப் பெயர். அதற்குத் தன் பெயரைத் தந்த வைத்தியர் தியோடோர் எஷெரிக் அதனை அசுத்த நீரில் கண்டெடுக்கவில்லை. தாய்ப்பாலைத் தவிர வேறெதையும் சுவைத்திராத பச்சிளம் குழந்தைகளின் மலத்தில்தான் கண்டார். அங்கே அவர் எதைத் தேடிப் போனார் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜேர்மனியின் பவேரியாப் பகுதியில் அன்ஸ்பாக் என்ற ஊரில் 1857 ஆம் ஆண்டு நவம்பர் 29 ஆம் திகதி அவர் பிறந்தார். தந்தை பேர்டினன்ட் எஷெரிக் ஒரு வைத்தியர். நோயாளியைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், எந்த ஊரில் எத்தனை பேர், எந்த வயதில் இறக்கிறார்கள் என்று கணக்கெடுப்பதிலும் ஆர்வம் கொண்டவர். தியோடோருக்கு ஐந்து வயதாக இருக்கும்போது தாய் இறந்துவிட்டார். குடும்பம் வூர்ட்ஸ்பேர்க் நகரத்துக்கு இடம்பெயர்ந்தது. பன்னிரண்டு வயதில் ஒஸ்ரியாவில் உள்ள ஒரு விடுதிப் பாடசாலைக்கு அவரை அனுப்பினார்கள். பிறகு பல பல்கலைக்கழகங்களில் மருத்துவம் கற்று 1881 இல் மிகச் சிறந்த சித்தியோடு பட்டம் பெற்றார். தாயில்லாமல் வளர்ந்த பிள்ளை, பின்னாளில் தாயின் மடியில் கிடக்கும் பிள்ளைகளைப் பற்றியே வாழ்நாள் முழுவதும் சிந்தித்தது தற்செயலா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் தந்தையின் கணக்கெடுக்கும் பழக்கம் அவரிடம் இருந்தது என்பது நிச்சயம்.

அந்தக் கணக்கு எப்படிப்பட்டது தெரியுமா? 1870 களில் பவேரியாவில் பிறந்த நூறு குழந்தைகளில் ஏறத்தாழ முப்பது குழந்தைகள் முதலாவது பிறந்த நாளைக் காணவில்லை. பஞ்சம் பட்ட நாடல்ல அது. பசுக்களும் பாலும் நிறைந்த நாடு. பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் வயிற்றோட்டம். கோடை வந்தால் மரணமும் கூடும். பவேரியாவின் தெற்குப் பகுதியில் குழந்தைக்குத் தாய் பாலூட்டும் வழக்கமே அருகிப்போயிருந்தது. மாவைப் பாலில் கரைத்துக் காய்ச்சிய கூழைத்தான் பிறந்த சில நாட்களிலேயே ஊட்டினார்கள். குளிரூட்டி இல்லாத காலம். காலையில் கறந்த பால் மத்தியானத்தில் என்ன நிலையில் இருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை பிழைக்கிறது, கூழ் குடிக்கும் குழந்தை இறக்கிறது என்பதைக் கணக்குகள் காட்டின. ஏன் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

எஷெரிக் வைத்தியராக வெளிவந்த வேளை மருத்துவ உலகமே தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. றொபேட் கொக் 1882 இல் காச நோய்க்கான பற்றீரியாவைக் கண்டறிந்தார். 1884 இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், இன்று எங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள சாயமேற்றும் முறையை வெளியிட்டார். இளம் எஷெரிக் வூர்ட்ஸ்பேர்க்கில் பேராசிரியர் கேர்ஹாட்டின் கீழ் பணிபுரிந்தார். பரிசுக்கும் வியன்னாவுக்கும் சென்று கற்றார். பிறகு மியூனிக் நகரிலுள்ள ஹவுனர் சிறுவர் வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தார். 1884 இன் இறுதிப் பகுதியில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் கொலரா பரவியபோது, ருடோல்ஃப் எம்மரிக் என்ற ஆய்வாளருடன் அங்கு சென்றார். நோயாளிகளில் ஒரு பற்றீரியாவைக் கண்ட எம்மரிக், கொலராவுக்கு அதுவே காரணம் என்று நம்பினார். அது தவறு. அவர் கண்டது குடலில் சாதாரணமாக வாழும் ஒரு பற்றீரியாவே என்பது பின்னர் தெரியவந்தது.

இந்தத் தவறு எவ்வளவு இயல்பானது என்று பாருங்கள். நோயாளியின் குடலில் ஒரு நுண்ணங்கி இருக்கிறது. ஆகவே அதுதான் நோயைக் கொடுத்தது என்று எண்ணிவிடுகிறோம். நோயில்லாதவரின் குடலில் என்ன இருக்கிறது என்று தெரியாதவரை இந்தத் தர்க்கத்தில் எந்தப் பயனும் இல்லை. எஷெரிக்கின் மதிநுட்பம் இங்கேதான் வெளிப்பட்டது. வயிற்றோட்டத்தால் இறக்கும் குழந்தைகளைப் பற்றி அறிய வேண்டும் என்றால், முதலில் சுகமாக இருக்கும் குழந்தையின் குடலை அறிய வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். வளர்ந்தவர்களின் குடலை ஆராய்வது கடினம். அவர்கள் எதையெதையோ உண்கிறார்கள். பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கோ உணவு ஒன்றுதான். அதிலும் பிறந்த கணத்திலிருந்தே தொடங்கினால் முதற்பக்கத்திலிருந்து ஒரு புத்தகத்தை வாசிப்பதைப் போல வாசிக்கலாம்.

மியூனிக்கில் வில்ஹெல்ம் புரோபேனியஸ் என்பவர் கொக்கின் வழிமுறைகளை, அதாவது பற்றீரியாக்களைத் தனித்தனியாகப் பிரித்து வளர்க்கும் கலையை, அவருக்குக் கற்றுக்கொடுத்தார். அதன் பின் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளும் ஒரு வேலை ஆரம்பமாயிற்று. பிறந்த குழந்தையின் முதல் மலம் கருமையாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். எஷெரிக் அதை எடுத்து ஜெலற்றீன் ஊடகத்தில் வளர்த்துப் பார்த்தார். எதுவும் வளரவில்லை. ஒரு நாள் முடிவதற்குள் எடுத்த மாதிரிகளில் பற்றீரியாக்கள் தோன்றின. சில நாட்களில் தாய்ப்பால் உள்ளே சென்று மலம் மஞ்சள் நிறமானதும் அந்தக் கூட்டமே மாறிவிட்டது. பல வகைகள் மறைந்து சில வகைகள் மட்டும் நிலைத்தன. வெற்று வீட்டுக்கு முதலில் கண்டவரெல்லாம் வந்து எட்டிப் பார்க்க, பிறகு சில குடும்பங்கள் மட்டும் அங்கே குடியேறியதைப் போன்றது அது.

1885 ஜூலை 14 ஆம் திகதி மியூனிக்கில் ஓர் அறிஞர் சபையில் அவர் இதனை எடுத்துரைத்தார். அவர் விவரித்தவற்றுள் குட்டையான கோல் வடிவப் பற்றீரியா ஒன்று எல்லாக் குழந்தைகளிலும் காணப்பட்டது. ஆகவே அதற்குக் குடலில் பொதுவாகக் காணப்படும் பற்றீரியா என்று பொருள்படும் பக்ரீரியம் கோலை கொம்யூன் என்ற பெயரை வைத்தார். அது குளுக்கோசை நொதிக்கச் செய்யும். பாலைத் திரளச் செய்யும். ஒட்சிசன் இல்லாமலும் வாழும். அடுத்த ஆண்டு இவை எல்லாவற்றையும் ஒரு நூலாக வெளியிட்டார். குழந்தையின் குடற் பற்றீரியாக்களையும் சமிபாட்டையும் இணைத்துப் பேசிய அந்த நூலே அவரைப் புகழ்பெறச் செய்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. பற்றீரியா என்றாலே பகைவன் என்று உலகம் பதறிக்கொண்டிருந்த ஒரு காலத்தில், சுகமான குழந்தையின் வயிற்றில் அவை அமைதியாக வாழ்கின்றன என்று ஒருவர் சொன்னது சிறிய விடயமல்ல. கோலையைக் கண்டுபிடித்தவர் என்று மட்டும் அவரை அறிமுகம் செய்வது அவருடைய பாதிப் பெருமையை மறைத்துவிடும் என்பது என் எண்ணம்.

1890 இல் ஒஸ்ரியாவின் கிராட்ஸ் நகரம் அவரைச் சிறுவர் மருத்துவப் பேராசிரியராக அழைத்தது. அங்கு பௌதிகவியல் பேராசிரியர் லியோபோல்ட் பவுண்ட்லரின் மகள் மார்கரேத்தை 1892 இல் மணந்தார். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தார்கள். கிராட்ஸில் இருந்த பன்னிரண்டு ஆண்டுகளில் தொண்டைக் கரப்பான் நோயைப் பற்றியும், சிறுமிகளின் சிறுநீர்ப் பையில் கோலைப் பற்றீரியா உண்டாக்கும் அழற்சியைப் பற்றியும் எழுதினார். ஆம், தான் சாதுவாகக் கண்ட அதே பற்றீரியா தன் இடத்தை விட்டு வேறோர் இடத்துக்குப் போனால் நோயாகும் என்பதையும் அவரே காட்டினார்.

ஆனால் ஒரு புதிர் தீராமலே இருந்தது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலத்தை ஊடகத்தில் வளர்த்தால் கோலை நிறைய வளர்ந்தது. அதே மலத்தைச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தாலோ, கண்ணுக்குத் தெரிபவற்றில் பெரும்பாலானவை கோலை அல்ல. சாயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட வேறு கோல்கள். பசுப்பால் குடிக்கும் குழந்தையில் இந்தக் காட்சி மாறியது. அப்படியானால் தாய்ப்பால் குழந்தையின் குடலில் பெரும்பான்மையாக இருப்பவர் யார்? கூப்பிட்டால் வராதவர் என்பது மட்டும் தெரிந்தது. ஏனென்றால் ஒட்சிசன் உள்ள ஊடகத்தில் அவர் வளரவே மாட்டார். பரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் ஹென்றி டிசியே என்ற வைத்தியர் 1899, 1900 ஆம் ஆண்டுகளில் விடையைக் கண்டார். ஒட்சிசனை அகற்றி வளர்த்தபோது Y எழுத்தைப் போலக் கிளைவிட்ட பற்றீரியா ஒன்று எழுந்து வந்தது. இன்று நாம் பிபிடோபற்றீரியம் என்று அழைப்பது அதுவே. அதே 1900 இல் கிராட்ஸில் எஷெரிக்கின் மாணவர் ஏர்ன்ஸ்ட் மோரோ குழந்தைகளின் மலத்திலிருந்து அமிலத்தை விரும்பும் இன்னொரு பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். தயிர்க் கோப்பைகளின் மேல் லக்ரோபசிலஸ் அசிடோபிலஸ் என்று அச்சிடப்படுவது அதுதான். திடுக்கிட்ட குழந்தை இரு கைகளையும் விரித்து அணைக்க வருவதைப் போலச் செய்யுமே, அந்த மோரோ அனிச்சைக்கும் இவருடைய பெயர்தான்.

1902 இல் எஷெரிக் வியன்னாவின் புனித அன்னா சிறுவர் வைத்தியசாலைக்குத் தலைவராக வந்தார். ஐரோப்பாவின் பெரிய நகரங்களுள் ஒன்று அது. மாளிகைகளும் இசை அரங்குகளும் ஒருபுறம். ஒற்றை அறையில் ஒரு குடும்பமே வாழும் தொழிலாளர் குடியிருப்புகள் மறுபுறம். தாய் தொழிற்சாலைக்குப் போனால் குழந்தைக்குப் புட்டிப்பால்தான். வசதியுள்ளோர் பாலூட்டும் செவிலியரை அமர்த்தினார்கள். ஹலீமா நாயகி (ரலி) அவர்களின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்த எங்களுக்குச் செவிலித்தாய் என்றதும் அன்பான ஒரு முகமே மனத்தில் தோன்றும். ஐரோப்பிய நகரங்களில் நிலைமை அப்படி இருக்கவில்லை. கூலிக்காக இன்னொருவர் பிள்ளைக்குப் பால் கொடுக்க வந்த ஏழைப் பெண்ணின் சொந்தக் குழந்தை, எங்கோ ஒரு வீட்டில் கூழ் குடித்துக் கிடந்தது. ஒரு குழந்தையின் உயிரை இன்னொரு குழந்தையின் உயிரால் வாங்கிய கணக்கு அது.

ஆய்வுகூடத்தில் இருந்த மனிதர் இப்போது மேடைக்கு வந்தார். 1903 இல் குழந்தைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை நிறுவினார். குழந்தைகள் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்பதைப் பொதுமக்கள் முன் வெளிப்படையாகச் சொல்லி, தாய்மார் தாமே பாலூட்ட வேண்டும் என்று பிரசாரம் செய்தார். பேசிவிட்டுப் போகவில்லை. குழந்தைகளைக் கிரமமாக நிறுத்துப் பார்த்து, தாய்மாருக்கு ஆலோசனை கூறி, பாலூட்ட முடியாதவர்களுக்குச் சுத்தமான பாலைத் தயாரித்து வழங்கும் நிலையத்தையும் ஏற்படுத்தினார். இன்று நம் ஊர்த் தாய்சேய் நிலையங்களில் தராசில் கிடத்தி, நிறையைப் பதிவேட்டின் வளைகோட்டில் குடும்பநல உத்தியோகத்தர் குறிக்கிறாரே, அத்தகைய பழக்கங்கள் எல்லாம் அந்தக் காலத்து ஐரோப்பிய நகரங்களில் வேரூன்றியவைதான். இவ்வாறான நிலையங்களுக்கு ஒரு சங்கடமும் இருந்தது. இலவசமாகச் சுத்தமான பால் கிடைக்கிறது என்றால், பாலூட்டக்கூடிய தாயும் நிறுத்திவிடுவாளோ என்ற அச்சம். ஆகவே முதலில் தாய்ப்பால், இயலாதவருக்கே மற்றது என்ற வரிசை முக்கியமாயிற்று. பால்மாப் பெட்டிகள் கடை முகப்பில் அடுக்கியிருக்கும் இக்காலத்திலும் அந்த வரிசை பழையதாகிவிடவில்லை. பிறந்த மறுநாளே கொத்தமல்லி அவித்த நீரைச் சொட்டுச் சொட்டாக ஊட்ட நினைக்கும் பாட்டிமார் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை.

இத்தனைக்கும் நடுவில் அவருடைய வீட்டில் ஓர் இழப்பு நேர்ந்தது. மகன் லியோபோல்ட் பத்து வயதளவில் குடல்வால் அழற்சியால் இறந்துபோனான். குழந்தைகளின் குடலைப் பற்றி உலகில் எவரையும்விட அதிகம் அறிந்திருந்த தந்தையாலும் அவனைக் காப்பாற்ற முடியவில்லை. நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் வருவதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன. இதைப் பற்றி நான் அதிகம் எழுத விரும்பவில்லை. அவர் தொடர்ந்து வைத்தியசாலைக்குச் சென்றார். தொடர்ந்து மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்த்தார்.

புதிய சிறுவர் வைத்தியசாலை ஒன்றைத் திட்டமிட்டு, அதன் கட்டட வேலைகளில் ஆழ்ந்திருந்த வேளையில், 1911 பெப்ரவரி 15 ஆம் திகதி மூளையில் ஏற்பட்ட இரத்தக் குழாய்ப் பாதிப்பினால் திடீரென இறந்தார். வயது ஐம்பத்து மூன்று. வைத்தியசாலை அதே ஆண்டில் திறக்கப்பட்டது. அவருடைய இடத்துக்கு, அவரிடம் பணிபுரிந்து ஒவ்வாமை என்பதற்கு அலர்ஜி என்ற சொல்லைத் தந்த கிளெமென்ஸ் வொன் பிர்க்கே வந்தார்.

அவர் கண்ட பற்றீரியாவுக்கு அவருடைய பெயரைச் சூட்டியவர்கள் யார் என்று தேடினால் நமது நாட்டுக்கே வந்து நிற்கிறோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் அரசாங்கப் பற்றீரியவியலாளராக இருந்தவர் அல்டோ கஸ்டெலானி என்ற இத்தாலியர். அதே காலத்தில் இலங்கை மருத்துவக் கல்லூரியின் பதிவாளராக இருந்தவர் அல்பேர்ட் சாமர்ஸ் என்ற ஆங்கிலேயர். இங்கே பெற்ற அனுபவத்தைக் கொண்டு இருவரும் சேர்ந்து வெப்பவலய மருத்துவம் பற்றி ஒரு பெரிய கைநூலை எழுதினார்கள். அதன் 1919 ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் எஷெரிக்கியா என்ற சாதிப் பெயர் இடம்பெற்றது. எஷெரிக் இறந்து அப்போது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் வைத்த பெயர் எளிமையானது. இவர்கள் வைத்த பெயரே நிலைத்தது.

தாய்ப்பாலின் புதிருக்கு விடை வர இன்னும் காலம் எடுத்தது. மோரோ பின்னாளில் ஹைடெல்பேர்க் நகரில் பேராசிரியரானார். அங்கே அவரிடம் பணிபுரிந்தவர் ஹங்கேரியில் பிறந்த போல் கியோர்கி. யூதர் என்பதால் 1933 இல் ஜேர்மனியை விட்டு வெளியேற நேர்ந்த அவர் அமெரிக்காவில் குடியேறினார். பிபிடோபற்றீரியத்தை வளரச் செய்யும் ஏதோ ஒன்று தாய்ப்பாலில் இருக்கிறது, பசுப்பாலில் அது மிகக் குறைவு என்று தேடித் தேடி, 1950 களில் இரசாயனவியலாளர் றிச்சட் கூனோடு இணைந்து அதைப் பிடித்தார். சில எளிய வெல்லங்கள் கோர்த்துக் கட்டிய சிறு சங்கிலிகள் அவை. எஷெரிக்கின் மாணவருக்கு மாணவரான ஒருவரின் கையில் அந்த விடை கிடைத்தது.

இந்த வெல்லச் சங்கிலிகள் தாய்ப்பாலில் இலக்ரோசுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாக அதிக அளவில் இருக்கும் திண்மப் பொருள். வியப்பு என்னவென்றால் குழந்தையால் இவற்றைச் சமிபாடடையச் செய்யவே முடியாது. அதற்கான நொதியங்கள் அதன் உடலில் இல்லை. சிறுகுடலைக் கடந்து அப்படியே பெருங்குடலுக்கு வந்து சேர்கின்றன. அங்கே காத்திருக்கும் பிபிடோபற்றீரியம் அவற்றை உண்டு அசற்றிக் அமிலத்தையும் இலக்றிக் அமிலத்தையும் வெளிவிடுகிறது. குடலின் அமிலத்தன்மை கூடுகிறது. வயிற்றோட்டத்தை உண்டாக்கும் கிருமிகளுக்கு அந்த இடம் பிடிப்பதில்லை. சங்கிலிகளில் சில, குடற்சுவரில் ஒட்ட வரும் கிருமிகளுக்குத் தாமே பொய்யான பிடியாகி அவற்றை வெளியே இழுத்துச் செல்கின்றன. கூடவே பிறபொருளெதிரிகளும் பாலில் வருகின்றன. போதாதற்குப் பாலே கிருமியற்றது அல்ல. தாயிடமிருந்து பற்றீரியாக்கள் பாலோடு சேர்ந்தே குழந்தைக்குச் செல்கின்றன என்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. பிரசவித்த உடல் தன் களைப்புக்கு நடுவிலும், பிள்ளைக்கு ஒரு பங்கு சமைத்துவிட்டு, பிள்ளையின் வயிற்றில் இருக்கும் விருந்தாளிகளுக்கும் தனியாக ஒரு பங்கை எடுத்து வைக்கிறது.